திரைக்கு வராத ஜேம்ஸ் பாண்ட்

படம் பார்த்தாகிவிட்டது. வில்லன் யார், துரோகி யார், கடைசியில் குண்டு வெடித்ததா இல்லையா என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அதே கதையை 200 பக்கங்களுக்கு உட்கார்ந்து படிக்க வேண்டுமா? உளவுக் கதைகளைப் பற்றி மாணவர்கள் இப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அடுத்து என்ன நடக்குமோ என்ற பதற்றத்தை நம்பி எழுதப்படுபவை அந்த நாவல்கள். அந்தப் பதற்றம் திரையரங்கிலேயே தீர்ந்துவிட்டால் புத்தகத்தில் என்ன மிஞ்சும்?

விடை தேட, உலகப் புகழ்பெற்ற ஓர் உளவாளியைப் படைத்தவரின் வாழ்க்கையைப் பார்க்கலாம். ஜேம்ஸ் பாண்ட் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஷான் கானரியின் முகம். இன்றைய இளையர்களுக்கு டேனியல் கிரேக்கின் முகம். இயன் ஃபிளெமிங் என்ற பெயர் படத்தின் தொடக்கத்தில் சில விநாடிகள் வந்து போவதோடு சரி. ஆனால் அவர் எழுதிய பாண்டும் நாம் திரையில் பார்த்த பாண்டும் ஒரே ஆள் அல்லர்.

சுவரில் தொங்கிய இரங்கல் குறிப்பு

ஃபிளெமிங் 1908ஆம் ஆண்டு மே 28ஆம் தேதி லண்டனில் பிறந்தார். அவருடைய தாத்தா ராபர்ட் ஃபிளெமிங் ஸ்காட்லாந்தில் எளிய குடும்பத்தில் பிறந்து, சொந்த வங்கி நிறுவும் அளவுக்கு உயர்ந்தவர். தந்தை வேலண்டைன் நாடாளுமன்ற உறுப்பினர். முதல் உலகப் போரில் பிரான்சில் போரிட்ட தந்தை, 1917 மே 20ஆம் தேதி குண்டுவீச்சில் உயிரிழந்தார். இயனுக்கு ஒன்பது வயது நிறைய எட்டு நாள்களே இருந்தன. வேலண்டைனின் நண்பரான வின்ஸ்டன் சர்ச்சில், ‘தி டைம்ஸ்’ நாளிதழில் அவரைப் பற்றி இரங்கல் குறிப்பு எழுதினார். அதன் படியைச் சட்டமிட்டுத் தம் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தார் இயன். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வீரராக மாண்ட தந்தை ஒரு பக்கம் என்றால், தொட்டதெல்லாம் துலங்கிய அண்ணன் பீட்டர் இன்னொரு பக்கம். ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்திலும் பீட்டர் சிறந்து விளங்கினார். 26 வயதுக்குள் பயண நூல் ஒன்றை எழுதிப் புகழும் அடைந்தார். தம்பியோ ஓட்டப்பந்தயத்திலும் தாண்டுதலிலும் மட்டுமே பெயர் வாங்கினார். சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்து, 1927இல் அதிகாரியாகாமலேயே வெளியேறினார். 1931இல் வெளியுறவுத் துறைத் தேர்வு எழுதினார், இடம் கிடைக்கவில்லை. கெட்டிக்கார அண்ணனோ அக்காவோ உள்ள வீட்டில் வளர்பவர்களுக்கு அந்த நிலைமை புரியும்.

இடையில் ஒரு நல்லது நடந்தது. தாயார் அவரை ஆஸ்திரியாவின் மலை ஊரான கிட்ஸ்பியூலுக்கு அனுப்பி வைத்தார். அங்கு ஒரு தம்பதி இளையர்களைத் தங்கவைத்து மொழி கற்றுக்கொடுத்தனர். கணவர் ஃபோர்ப்ஸ் டென்னிஸ் முன்பு பிரிட்டிஷ் உளவுத் துறையில் பணியாற்றியவர். மனைவி ஃபிலிஸ் பாட்டம் நாவலாசிரியர். உளவும் எழுத்தும் ஒரே கூரையின்கீழ் ஃபிளெமிங்குக்கு அறிமுகமாயின. ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளும் வசப்பட்டன.

பிறகு ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தில் சேர்ந்தார். 1933இல் மாஸ்கோவில் பிரிட்டிஷ் பொறியாளர்கள்மீது உளவுக் குற்றம் சாட்டி நடந்த வழக்கைப் பற்றிச் செய்தி அனுப்பினார். வேகமாகவும் பிழையில்லாமலும் எழுத அங்குதான் பழகினார். ஆனால் வருமானம் போதவில்லை. பணக்காரக் குடும்பமாயிற்றே என்று நினைக்க வேண்டாம். தந்தையின் உயில் சொத்தைத் தாயாரிடம் கட்டிப்போட்டிருந்தது. 1933இல் இறந்த தாத்தாவும் இந்தப் பேரன்களுக்கு எதுவும் எழுதிவைக்கவில்லை. அதனால் வங்கித் தொழிலுக்கும் பங்குத் தரகுக்கும் போனார். அங்கும் சோபிக்கவில்லை.

அறை எண் 39

1939இல், இரண்டாம் உலகப் போர் தொடங்கவிருந்த நேரத்தில், பிரிட்டிஷ் கடற்படை உளவுத் துறையின் தலைவர் ஜான் காட்ஃப்ரி தமக்கு ஓர் உதவியாளரைத் தேடினார். ஃபிளெமிங்குக்கு அந்த வேலை கிடைத்தது. கடற்படைத் தலைமையகத்தில் 39ஆம் எண் அறை அவருடைய அலுவலகமானது. சில மாதங்களில் கமாண்டர் தகுதிக்கு உயர்ந்தார். பாண்டும் கதைகளில் கமாண்டர்தான். பாண்டின் தலைவரான ‘எம்’ பெரும்பாலும் காட்ஃப்ரியின் சாயலில் உருவானவர் என்று சொல்வார்கள்.

ஆனால் ஃபிளெமிங் துப்பாக்கியுடன் எதிரி நாட்டுக்குள் நுழைந்தவர் அல்லர். அவர் செய்தது மேசை வேலை. கோப்பு, கடிதம், கூட்டம், திட்டம். 1940இல் ஒரு துணிச்சலான யோசனையைச் சொன்னார். பிடிபட்ட ஜெர்மன் விமானத்தில் ஜெர்மானியர்போல் உடையணிந்தவர்களை ஏற்றி, ஆங்கிலக் கால்வாயில் விழவைக்க வேண்டும். காப்பாற்ற வரும் ஜெர்மன் படகைக் கைப்பற்றி, அதிலுள்ள எனிக்மா ரகசியக் குறியீட்டுப் புத்தகங்களை எடுத்துவர வேண்டும். அந்தக் குழுவில் தாமும் போவதாக ஃபிளெமிங் முன்வந்தார். ரகசியம் அதிகம் தெரிந்தவர் எதிரியிடம் சிக்கினால் ஆபத்து என்பதால் அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் திட்டமே கைவிடப்பட்டது. அதை ஆவலுடன் எதிர்பார்த்திருந்த கணித மேதை ஆலன் டியூரிங் மிகவும் ஏமாந்துபோனார்.

உளவு நாவல் படிப்பது வீண் என்று நினைப்பவர்கள் அடுத்த செய்தியைக் கவனிக்க வேண்டும். 1939 செப்டம்பரில் காட்ஃப்ரியின் பெயரில் ஒரு ரகசியக் குறிப்பு சுற்றுக்கு விடப்பட்டது. எதிரியை ஏமாற்றும் வழிகளின் பட்டியல் அது. பெரும்பகுதி ஃபிளெமிங்கின் கைவண்ணம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். பொய்யான ரகசியத் தாள்களை ஒரு பிணத்தின் உடையில் வைத்து, எதிரி கண்டெடுக்கும்படி செய்வது அதிலிருந்த ஒரு வழி. அந்த யோசனை, பாசில் தாம்சன் என்பவர் எழுதிய துப்பறியும் நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. 1943இல் வேறு அதிகாரிகள் அதை உண்மையாகவே செய்து முடித்தார்கள். ஸ்பெயின் கடற்கரையில் ஒதுங்கிய பிணத்தின் தாள்களை நம்பிய ஜெர்மானியர்கள், நேச நாட்டுப் படை சிசிலித் தீவைத் தாக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ‘ஆப்பரேஷன் மின்ஸ்மீட்’ என்ற படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். யாரோ ஒருவர் பொழுதுபோக்காகப் படித்த நாவல், ஒரு போரின் போக்கில் கை வைத்தது!

1941இல் காட்ஃப்ரியுடன் அமெரிக்கா செல்லும் வழியில் போர்ச்சுகலில் தங்கியபோது, எஸ்டோரில் சூதாட்ட விடுதியில் ஃபிளெமிங் சீட்டாடினார். எதிரில் இருந்தவர்கள் சாதாரண போர்ச்சுகீசிய வணிகர்கள். அவர்களை ஜெர்மன் உளவாளிகளாகக் கற்பனை செய்துகொண்டு, அவர்களுடைய பணத்தைப் பறித்து நாட்டுக்குச் சேவை செய்வதாக மனத்துக்குள் நாடகம் நடத்தினார். பணம் போனது அவருக்குத்தான். பதினோர் ஆண்டுகள் கழித்து அந்த நாடகத்தைத் தாளில் எழுதியபோது, பாண்ட் ஜெயித்தான்.

பறவை நூலிலிருந்து வந்த பெயர்

1942இல் ஒரு கடற்படை மாநாட்டுக்காக ஜமைக்கா தீவுக்குச் சென்ற ஃபிளெமிங், போர் முடிந்ததும் இங்கேதான் வாழ வேண்டும் என்று முடிவு செய்தார். ஒரகபெசா என்ற ஊரில் கடலோரம் நிலம் வாங்கி, ஜன்னல்களுக்குக் கண்ணாடிகூட இல்லாத எளிய வீடு ஒன்றைக் கட்டினார். அந்த வீட்டின் பெயர் ‘கோல்டன் ஐ’. ஆம், 1995இல் வந்த படத்துக்குத் தலைப்பு அங்கிருந்துதான் கிடைத்தது. அந்தத் தலைப்பில் அவர் நாவல் எதுவும் எழுதவில்லை.

லண்டனில் ‘சண்டே டைம்ஸ்’ இதழை நடத்திய நிறுவனத்தில் வெளிநாட்டுச் செய்திப் பிரிவின் மேலாளராக வேலை. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நீண்ட விடுப்பு வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்கியிருந்தார். 1952 தொடக்கத்தில் ஜமைக்காவில் தட்டச்சு இயந்திரத்தின் முன் அமர்ந்தார். அவருக்கு வயது 43. சில வாரங்களில் ஆன் சார்ட்டரிஸ் என்பவருடன் திருமணம் நடக்கவிருந்தது. திருமணப் படபடப்பை மறக்கத்தான் எழுதத் தொடங்கினேன் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். காலையில் சுமார் மூன்று மணிநேரம், மாலையில் ஒரு மணிநேரம். எழுதியதைத் திரும்பிப் பார்க்காமல் முன்னே போவது அவர் பழக்கம். ‘கேசினோ ராயல்’ இப்படித்தான் பிறந்தது.

கதாநாயகனுக்குச் சுவையே இல்லாத ஒரு சாதாரணப் பெயர் வேண்டியிருந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகளைப் பற்றிய நூல் ஒன்று வீட்டில் இருந்தது. எழுதியவர் அமெரிக்கப் பறவையியலாளர் ஜேம்ஸ் பாண்ட். பெயர் கிடைத்துவிட்டது.

அண்ணன் பீட்டரின் பரிந்துரையில் ஜானதன் கேப் பதிப்பகம் நூலை ஏற்றது. 1953 ஏப்ரல் 13ஆம் தேதி வெளியான முதல் பதிப்பில் 4,728 படிகள் அச்சிடப்பட்டன. ஒரு மாதத்துக்குள் அவை தீர்ந்தன. அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒரு நூல். மொத்தம் 12 நாவல்கள், இரண்டு சிறுகதைத் தொகுப்புகள். கடைசி நாவலும் இரண்டாவது தொகுப்பும் அவர் மறைவுக்குப் பின் வந்தவை.

மேசையில் உட்கார்ந்திருக்கும் பாண்ட்

நம் கேள்விக்கு இப்போது வருவோம். படம் பார்த்தவர்களுக்கு இந்த நூல்களில் என்ன மிச்சம் இருக்கிறது?

‘மூன்ரேக்கர்’ நல்ல எடுத்துக்காட்டு. 1979இல் வந்த படத்தில் பாண்ட் விண்வெளிக்கே போய்விடுவான். லேசர் துப்பாக்கிச் சண்டையும் உண்டு. 1955இல் வந்த நாவலில் அவன் இங்கிலாந்தைவிட்டு வெளியே போவதே இல்லை. திங்கட்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடியும் கதை அது. தொடக்கத்தில் பாண்ட் அலுவலகத்தில் இருக்கிறான். உயிரைப் பணயம் வைக்கும் வேலை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் வரும். மற்ற நாள்களில் பத்து மணிக்கு வந்து, கோப்புகளைப் புரட்டி, ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகும் அரசாங்க ஊழியன் அவன். சம்பளம் ஆண்டுக்கு 1,500 பவுண்டு. 45 வயதானால் இந்தப் பணியிலிருந்து மாற்றிவிடுவார்கள். அதுவரை உயிரோடு இருப்போமா என்று அவனே கணக்குப் போட்டுப் பார்க்கிறான்.

பிறகு அவனுடைய தலைவர் ஒரு விநோதமான உதவி கேட்கிறார். நாடே கொண்டாடும் செல்வந்தர் ஹ்யூகோ டிராக்ஸ், மனமகிழ் மன்றத்தில் சீட்டாடும்போது ஏமாற்றுகிறாராம். அது உண்மையா என்று பார்க்க வேண்டும். நூலின் முதல் பகுதி பெரும்பாலும் அந்த ஒரு சீட்டாட்டத்துக்குச் செலவாகிறது. துப்பாக்கி இல்லை, கார் துரத்தல் இல்லை. ஒரு மனிதர் ஏன் தேவையே இல்லாமல் ஏமாற்ற வேண்டும் என்ற கேள்வி மட்டும்தான். படிக்கும்போது நமக்கு உள்ளங்கை வேர்க்கிறது. கடைசியில் உடன் பணியாற்றிய காலா பிராண்டிடம் பாண்ட் தன் ஆசையைச் சொல்ல வருகிறான். அவருக்கு வேறொருவருடன் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. பாண்ட் விலகி நடந்து போகிறான். அந்த காலா பிராண்ட் இதுவரை எந்தப் பாண்ட் படத்திலும் வரவில்லை.

‘குவாண்டம் ஆஃப் சொலஸ்’ இன்னும் வியப்பானது. 2008 படம் முழுக்க ஓட்டமும் அடிதடியும். அதே தலைப்பில் 1960இல் தொகுப்பாக வந்த சிறுகதையில், பாண்ட் பஹாமாஸ் ஆளுநர் வீட்டு விருந்துக்குப் போய், சலிப்போடு சோபாவில் உட்கார்ந்திருக்கிறான். ஆளுநர் அவனுக்கு ஒரு கணவன் மனைவியின் கதையைச் சொல்கிறார். அன்பு கொஞ்சமும் மிஞ்சாத இரண்டு பேர் ஒருவரையொருவர் எப்படித் தண்டித்துக்கொள்வார்கள் என்பதே கதை. அதைக் கேட்டு முடித்த பாண்டுக்குத் தன் சாகசங்களெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரிகின்றன. கதை அவ்வளவுதான். எதுவுமே வெடிப்பதில்லை. ஃபிளெமிங் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது இது.

1957இல் வந்த ‘ஃபிரம் ரஷ்யா வித் லவ்’ நாவலில், முதல் பத்து அத்தியாயங்களில் பாண்ட் நேரில் வருவதே இல்லை. அவனைக் கொல்ல சோவியத் தரப்பு எப்படித் திட்டமிடுகிறது, யாரை அனுப்புகிறது என்பதை மட்டும் பொறுமையாகச் சொல்கிறார் ஆசிரியர். வலை விரிக்கப்பட்டது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்தப் புத்தகத்தை எழுதிய காலத்தில் ஃபிளெமிங்குக்குத் தம் நாயகன்மீதே அலுப்பு தட்டியிருந்தது. அதனால் கடைசிப் பக்கத்தில் பாண்ட் விஷம் ஏறிச் சுருண்டு விழுகிறான். நூல் அங்கேயே முடிந்துவிடுகிறது. (முடிவைச் சொல்லிவிட்டேன், படம் பார்த்தவர்களுக்கு இது புதிது என்பதால்தான்.) அவன் பிழைத்தானா என்று அறிய அன்றைய வாசகர்கள் 1958இல் ‘டாக்டர் நோ’ வரும்வரை காத்திருந்தார்கள். திரைப்பட பாண்டுக்கு ஒன்றும் ஆகாது என்று நமக்கு எப்போதும் தெரியும். நாவலின் பாண்டைப் பற்றி அப்படி உறுதியாக இருக்க முடியாது. அவன் பயப்படுகிறான், குடிக்கிறான், தோற்கிறான். ‘கேசினோ ராயல்’ நாவலில் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடி, நல்லவர் யார் கெட்டவர் யார் என்று குழம்பி, வேலையை விட்டுவிடவே நினைக்கிறான். அந்த நூலில் சித்திரவதைக் காட்சி ஒன்று உண்டு. கீழ்வகுப்பு மாணவர்கள் சில ஆண்டுகள் காத்திருக்கலாம்.

படம் வென்ற இடம்

எல்லாவற்றிலும் புத்தகமே மேல் என்று சொல்வது நேர்மையாகாது. ‘கோல்ட்ஃபிங்கர்’ நாவலில் வில்லன் ஃபோர்ட் நாக்ஸ் கருவூலத்திலிருந்து அமெரிக்காவின் தங்கத்தை அள்ளிச் செல்லத் திட்டமிடுகிறான். அவ்வளவு எடையை யார் தூக்குவது, எத்தனை நாளாகும் என்று யோசித்தால் கதை சரிந்துவிடும். திரைக்கதை எழுதியவர்கள் இதைக் கவனித்தார்கள். படத்தில் பாண்டே அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறான். திருடுவதல்ல, தங்கத்தைக் கதிரியக்கத்தால் பயனற்றதாக்குவதே வில்லனின் நோக்கம் என்று படம் மாற்றிக்கொண்டது. இந்த ஒரு விஷயத்தில் படம்தான் புத்திசாலி. இன்னொரு சுவையான செய்தி: எர்னோ கோல்ட்ஃபிங்கர் என்ற கட்டடக் கலைஞர் லண்டனில் உண்மையிலேயே இருந்தார். தம் பெயரை வில்லனுக்கு வைத்ததால் வழக்குத் தொடுக்கப் போவதாக எச்சரித்தார். பிறகு சமரசம் ஆனது.

நம்மைப் போன்ற ஆசிய வாசகர்களுக்கு வேறொரு தயக்கமும் வரும். வர வேண்டியதுதான். ஃபிளெமிங்கின் நூல்களில் கறுப்பினத்தவர், சீனர், கொரியர் பற்றிய வருணனைகள் பல இடங்களில் இழிவானவை. ‘லிவ் அண்ட் லெட் டை’, ‘கோல்ட்ஃபிங்கர்’ இரண்டிலும் அவை பளிச்சென்று தெரிகின்றன. பெண்களைப் பற்றிய பார்வையும் அப்படித்தான். சரிந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் பேரரசின் செல்லப்பிள்ளை ஒருவர், உலகம் இன்னும் தங்கள் கையில்தான் இருக்கிறது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டதுபோல் சில பக்கங்கள் தோன்றும். 2023இல் வெளியான புதிய பதிப்பில் சில சொற்கள் நீக்கப்பட்டன. நீக்கியது சரியா என்று வகுப்பில் விவாதிக்கலாம். படங்களும் யோக்கியமல்ல. 1962இல் வந்த ‘டாக்டர் நோ’ படத்தில் பாதிச் சீனரான வில்லனாக வெள்ளையர் ஒருவரே நடித்தார். ஈப்போவில் பிறந்த மிஷெல் இயோ, பாண்டுக்குச் சமமான உளவாளியாகத் திரையில் வர 1997 ஆகிவிட்டது. அந்தப் படத்தின் கதைக்கும் ஃபிளெமிங்கின் நூல்களுக்கும் தொடர்பில்லை.

கையைவிட்டுப் போன நாயகன்

படமாக வேண்டும் என்று ஃபிளெமிங் நெடுநாள் ஆசைப்பட்டார். 1954இல் ‘கேசினோ ராயல்’ அமெரிக்கத் தொலைக்காட்சியில் நாடகமானபோது அவருக்குக் கிடைத்தது 1,000 டாலர். அதில் பாண்ட் ஓர் அமெரிக்கன், பெயர் ஜிம்மி! பிறகு கெவின் மெக்ளோரி, ஜேக் விட்டிங்ஹாம் ஆகியோருடன் சேர்ந்து ஒரு திரைக்கதையை உருவாக்கினார். படம் எடுபடாமல் போகவே, அதை ‘தண்டர்பால்’ நாவலாக எழுதி 1961இல் வெளியிட்டார். அவர்கள் இருவரின் பெயரும் நூலில் இல்லை. வழக்கு நீதிமன்றம் சென்றது. 1963இல் சமரசம் ஏற்பட்டு, இனி வரும் பதிப்புகளில் அவர்களுடைய பங்கைக் குறிப்பிட ஃபிளெமிங் ஒப்புக்கொண்டார். தவறு அவர் பக்கம்தான் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1961 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்குப் பிடித்த பத்து நூல்களின் பட்டியலை ‘லைஃப்’ இதழ் வெளியிட்டது. அதில் ‘ஃபிரம் ரஷ்யா வித் லவ்’ இருந்தது. அமெரிக்காவில் விற்பனை எகிறியது. அடுத்த மாதமே ஃபிளெமிங்குக்கு மாரடைப்பு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 70 சிகரெட் புகைத்தவர் அவர். படுக்கையில் இருந்தபடி மகன் காஸ்பருக்காகப் பறக்கும் கார் ஒன்றைப் பற்றிய கதையை எழுதினார். ‘சிட்டி சிட்டி பேங் பேங்’ படத்தைச் சிறு வயதில் பார்த்தவர்கள், அதை எழுதியவரும் இவர்தான் என்பதை அறிந்திருக்க மாட்டார்கள்.

1962 அக்டோபரில் ‘டாக்டர் நோ’ திரைக்கு வந்தது. எடின்பரோவில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ஷான் கானரி இந்தப் பாத்திரத்துக்குப் பொருந்துவாரா என்று ஃபிளெமிங் முதலில் ஐயப்பட்டார். படம் வந்தபின் மனம் மாறியது. அதன்பின் நடந்தது புதுமை. படத்தின் பாண்ட், நூலின் பாண்டை மாற்றத் தொடங்கினான். 1964 மார்ச்சில் வெளியான ‘யூ ஒன்லி லிவ் டுவைஸ்’ நாவலில் பாண்டின் தந்தை ஒரு ஸ்காட்லாந்துக்காரர் ஆகிவிட்டார்.

அந்தச் செய்தி நாவலில் எப்படி வருகிறது தெரியுமா? ஜப்பானுக்குச் சென்ற பாண்ட் இறந்துவிட்டதாக நம்பி, ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்கு அவனுடைய தலைவர் ஓர் இரங்கல் குறிப்பு எழுதுகிறார். பாண்ட் பதினோரு வயதில் மலையேற்ற விபத்தில் பெற்றோரை இழந்தவன் என்பது அதில்தான் நமக்குத் தெரியவருகிறது. சிறு வயதில் தந்தையை இழந்து, அதே நாளிதழில் வந்த இரங்கல் குறிப்பைச் சுவரில் மாட்டிவைத்திருந்த மனிதர் எழுதியது இது. பாண்டை நேர்காட்டும் எந்தத் திரைக்காட்சியைவிடவும் இந்த ஓர் அத்தியாயம் ஃபிளெமிங்கை நெருங்கிக் காட்டுகிறது என்பது என் எண்ணம். 1967இல் வந்த படத்தில் எரிமலைக்குள் ஏவுகணைத் தளம் இருக்கும். இந்த அத்தியாயத்துக்கு இடமில்லை. அநாதைச் சிறுவனும் ஸ்காட்லாந்து வீடும் திரைக்கு வர 2012இல் ‘ஸ்கைஃபால்’ வரவேண்டியிருந்தது.

1964 பிப்ரவரியில் பறவையியலாளர் ஜேம்ஸ் பாண்ட் தம் மனைவியுடன் ஜமைக்கா வீட்டுக்கு முன்னறிவிப்பின்றி வந்து நின்றார். ஃபிளெமிங் அவரை உபசரித்து, வெளிவரவிருந்த அந்த நாவலின் படி ஒன்றில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதே குளிர்காலத்தில் ‘தி மேன் வித் த கோல்டன் கன்’ நாவலின் முதல் வரைவையும் முடித்தார். அதைச் செப்பனிட அவருக்கு உடல்நிலை இடம் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் மறுபடி மாரடைப்பு வந்தது. 12ஆம் தேதி விடியற்காலையில் கேன்டர்பரி மருத்துவமனையில் ஃபிளெமிங் காலமானார். அவருக்கு வயது 56. அன்று மகன் காஸ்பருக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள். அடுத்த மாதம் லண்டனில் ‘கோல்ட்ஃபிங்கர்’ படம் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது.